கிட்னி மாற்றிக்கொண்ட பெண்களுக்கான கர்ப்பகாலக் கூட்டு கிளினிக்: என் மதிப்பீடு

கிட்னி மாற்று செய்துகொண்டு, குழந்தை வேண்டும் என்று ஏங்குகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நெஃப்ராலஜிஸ்டும் (கிட்னி டாக்டர்) மகப்பேறு டாக்டரும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்கிற கூட்டு கிளினிக் சில பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. அப்படி ஒன்றில்தான் என் மகள் பிறந்தாள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன், அதில் மூன்று கர்ப்பத்துக்கு முந்தைய ஆலோசனைக்கே போய்விடும்.

ஏனென்றால் நாம் விழுங்குகிற மாத்திரைகளில்தான் முதல் ஆபத்து இருக்கிறது. உடல் புதுக் கிட்னியை நிராகரிக்காமலிருக்க எடுக்கிற மைக்கோஃபீனோலேட் கருச்சிதைவையும், குழந்தைக்குக் காது, உதடு, அண்ணத்தில் குறைபாடுகளையும் உண்டாக்கக்கூடியது, அதனால் கருத்தரிக்கக் குறைந்தது 6 வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும். ஆனால் தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கிட்னியே போய்விடும். எனக்கு அதற்குப் பதிலாக அசதயோப்ரின் கொடுத்து, கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறாமல் நிற்கிறதா என்று பொறுமையாகப் பார்த்த பிறகுதான் சரி, இனி முயற்சி செய்யலாம் என்றார்கள். அதுவரை கருத்தடை கட்டாயம். டயாலிசிஸ் காலத்தில் நின்றுபோன மாதவிடாய், மாற்று நடந்த சில மாதங்களிலேயே திரும்பிவிடும் என்பதையும், குறைந்தது ஒரு வருடமாவது காத்திருக்க வேண்டும் என்பதையும் முதன்முதலில் இங்கேதான் எனக்குப் புரியும்படி சொன்னார்கள். பிபி மாத்திரையையும் மாற்றினார்கள்.

இதற்கு முன் இரண்டு டாக்டர்களிடம் தனித்தனியாக அலைந்தேன். இவரைக் கேட்டால் அவரைக் கேளுங்கள் என்பார், அவரைக் கேட்டால் இவரை. கர்ப்பத்தின் பிற்பகுதியில் பிபி ஏறி, சிறுநீரில் புரதம் போய், கிரியேட்டினினும் கூடினால் அது பிரீ-எக்லாம்ப்சியா என்ற கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறா, உடல் கிட்னியை நிராகரிக்கிறதா என்று ஒருவரே முடிவு செய்வது கஷ்டம். முன்னதென்றால் பிரசவத்தை முன்கூட்டியே நடத்த வேண்டியிருக்கும், பின்னதென்றால் வைத்தியமே வேறு. நம்மைப் போன்றவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குப் பிரீ-எக்லாம்ப்சியா வருகிறது, அதனால்தான் ஆரம்பத்திலேயே குறைந்த அளவு ஆஸ்பிரின் தருகிறார்கள். எனக்குப் பிபி ஏறிய அன்று இருவரும் என் எதிரிலேயே ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பேசி முடிவெடுத்தார்கள், அந்த ஒன்றுக்காகவே இந்த கிளினிக்கை யாருக்கும் சொல்வேன்.

நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான டாக்ரோலிமஸின் அளவு கர்ப்பத்தில் ரத்தத்தில் இறங்கும், டோஸைக் கூட்ட வேண்டிவரும். அதற்கான ரத்தத்தைக் காலை மாத்திரை போடுவதற்கு முன் எடுக்க வேண்டும், இங்கே அதை ஒருபோதும் தவறவிடவில்லை. ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இருக்கிற கையில் பிபி பார்க்கக்கூடாது என்பதும் நர்ஸ்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. சிறுநீர்த் தொற்றுக்கு அடிக்கடி கல்ச்சர் (கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்தார்கள்.

மாற்றுக் கிட்னி அடிவயிற்றில் ஓரமாக இருக்கும், பிரசவப் பாதையை அது அடைப்பதில்லை, அதனால் சிசேரியன்தான் என்று கட்டாயம் இல்லை. எனக்கு வேறு காரணத்துக்காகச் செய்தார்கள், முன்பே விளக்கி, கிட்னி இருக்கும் இடத்தைப் படம் போட்டும் காட்டினார்கள்.

சரி, அந்த ஐந்தாவது நட்சத்திரம் எங்கே போனது? காத்திருப்பு மிக அதிகம், நோய் எதிர்ப்பு குறைந்த நம்மை இருமுகிற கூட்டத்தின் நடுவே மணிக்கணக்கில் உட்கார வைப்பது தவறு. அப்புறம் பிரசவ வார்டு. இந்த மாத்திரைகளோடு தாய்ப்பால் கொடுக்கவே கூடாது என்று அங்கே ஒருவர் அடித்துச் சொல்லி என்னை அழவைத்துவிட்டார். டாக்ரோலிமஸ், அசதயோப்ரின், பிரெட்னிசோலோன் எடுப்பவர்கள் டாக்டர் மேற்பார்வையில் தாராளமாகக் கொடுக்கலாம், மைக்கோஃபீனோலேட்டுக்குத் திரும்பினால்தான் கூடாது. கிளினிக்குக்குத் தெரிந்தது வார்டுக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

கிடைத்த உயிரே போதும், குழந்தை எதற்கு என்று சொந்தக்காரர்கள் சொல்லத்தான் செய்வார்கள். மாற்றுக் கிட்னியோடு ஈடித் ஹெல்ம் என்ற பெண் 1958லேயே குழந்தை பெற்றுவிட்டார் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

எங்கே சேர்ந்தாலும் குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், நம்மில் பாதிப்பேருக்குக் குறைமாதத்தில்தான் பிறக்கிறது. டாக்ரோலிமஸ் ரிப்போர்ட் எவ்வளவு சீக்கிரம் கைக்கு வரும், ராத்திரியில் பிபி ஏறினால் யாருக்குப் போன் செய்வது என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.