காரைக்குடி டு சிட்னி, ‘பன்னெண்டே மணி நேரம்’

தம்பி சிட்னியில் இருக்கிறான். ஆத்தாவை ஆனி மாதம் அங்கே அனுப்ப, காரைக்குடியில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போட்டோம். பெயர் வேண்டாம், பழகிய இடம்.

போனதும் கல்லாவில் இருந்தவர் சொன்னது, “டெல்லி போயிட்டா அங்கேருந்து நேர் ஃபிளைட், பன்னெண்டே மணி நேரம்.” பொய்யில்லை, டெல்லி–சிட்னி அவ்வளவுதான் ஆகும். ஆனால் டெல்லிக்கு யார் போவது? திருச்சியிலிருந்து ஏறக்குறைய 2,000 கி.மீ. வடக்கே ஏறி, அங்கிருந்து தென்கிழக்கே 10,400 கி.மீ. திரும்ப இறங்க வேண்டும். சிங்கப்பூர் வழி என்றால் திருச்சியிலிருந்து 3,000, அப்புறம் சிட்னிக்கு 6,300, மொத்தம் 9,300 கி.மீ.தான். காக்கை பறக்கிற கணக்கில் திருச்சி–சிட்னியே 9,100 வருகிறது, அதாவது சிங்கப்பூர் கிட்டத்தட்ட போகிற வழியிலேயே இருக்கிறது. இதை நான் வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொன்ன பிறகுதான் அந்த டிக்கெட்டையே தேடினார்கள்.

சரி, போட்டாயிற்று. “நாலும் எட்டும் பன்னெண்டு, இதுவும் அதே நேரம்தான்” என்றார். சிங்கப்பூரில் ஏழரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் வாயே திறக்கவில்லை. டிக்கெட்டில் காலை 10.40க்குக் கிளம்பி மறுநாள் காலை 10.25க்கு இறங்குவதாக இருந்தது. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். சிட்னி அந்த மாதத்தில் நமக்கு நாலரை மணி நேரம் முன்னால் என்பதால் உண்மையில் பத்தொன்பதே கால் மணி நேரம். அதோடு காலை ஐந்தரைக்கே காரில் ஏறியதையும் சேர்த்துப் பாருங்கள் (ஏர்போர்ட் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருப்பது நமக்கு வசதி, திருச்சி ஊருக்குள் போக வேண்டியதில்லை). ஒரு முழு நாள். எழுபத்திரண்டு வயது முழங்காலுக்கு இது சின்ன விஷயமா?

நல்லதையும் சொல்ல வேண்டும். கேட்காமலே வீல்சேர் போட்டிருந்தார்கள். இரண்டு விமானத்துக்கும் ஒரே புக்கிங், பெட்டி திருச்சியில் போட்டது சிட்னியில்தான் கைக்கு வந்தது. எல்லாவற்றையும் விட, அங்கிருந்த பெண் ஆத்தாவை உட்கார வைத்து, “ஆச்சி, சீப்புச் சீடை, மாவுருண்டை, வத்தல், எது கொண்டு போனாலும் அந்த ஊருக்குள்ள நுழையும்போது எழுதிக் குடுக்கிற கார்டுல ‘ஆமா’ன்னு டிக் பண்ணிருங்க, மறைச்சாத்தான் அபராதம்” என்று பொறுமையாகச் சொன்னது. ஆத்தா அப்படியே செய்தது, திறந்து பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்களாம்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி நாள்கணக்கில் கடலில் கிடந்து பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது வெளிநாட்டில் தொழில் செய்ய, போன ஐயா வீட்டுப் பெண் என்பதால் ஆத்தா அலட்டிக்கொள்ளவில்லை. எனக்குத்தான் கோபம்.

திரும்பி வருகிற டிக்கெட்டுக்கு நானே நின்று பார்த்தேன். சிங்கப்பூரில் இரண்டரை மணி நேரம் மட்டும் நிற்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தார்கள், சர்வீஸ் சார்ஜ் வாங்கவில்லை. சிட்னி–சிங்கப்பூர் மட்டும் போனதைவிட அரை மணி நேரம் கூடுதலாகக் காட்டியது. மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது, வரும்போது எதிர்க்காற்று, அதற்கு டிராவல்ஸ்காரர் என்ன செய்வார்.

இந்த டிராவல்ஸுக்கு ஐந்துக்கு மூன்று மார்க். அந்தப் பெண் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள், ‘வீட்டிலிருந்து வீடு வரை எத்தனை மணி நேரம்’ என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.