அப்பச்சி சொன்னாக: ‘மை ஃபாதர்ஸ் டிராகன்’, மூன்று வருடத் தமிழ் வாசிப்புக்குப் பிறகு

முதுகு விட்டுப்போன பிரதி மறுபடி பசை போட்டு, இரண்டு பலகைக்கு நடுவே காய்ந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில்தான், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த டிராகன் புத்தகம் வாங்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது. ரூத் ஸ்டைல்ஸ் கேனட் எழுதி 1948-ல் வந்தது, 1949-ல் நியூபெரி ஹானர் என்ற அமெரிக்கச் சிறுவர் இலக்கிய விருது பெற்றது, பத்தே அத்தியாயம் என்பதெல்லாம் கேட்டவருக்கே தெரியும். எல்மர் எலிவேட்டர் என்ற சின்னப் பையன் ஒரு கிழட்டுப் பூனையின் பேச்சைக் கேட்டுக் கப்பலில் ஒளிந்து போய், காட்டுத் தீவில் கட்டிப்போட்ட டிராகன் குட்டியை விடுவிக்கிற கதை என்பதும் தெரியும். அதனால் அதை விட்டுவிட்டு, காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லும்போது இந்தப் புத்தகம் எங்கே இடறுகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் பக்கத்திலேயே இடறும். கதை சொல்கிற குரல் எல்மரை எல்மர் என்று சொல்லாது, ‘என் அப்பா’ என்றுதான் சொல்லும். பத்து அத்தியாயத் தலைப்பிலும் அப்பாதான். ஆங்கிலத்துக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. அதன் வினைச்சொல்லுக்குச் சின்னவர் பெரியவர் தெரியாது; அப்பா ஓடினாலும் பையன் ஓடினாலும் ஒரே சொல்தான். கேட்கிற குழந்தைக்கு ‘அப்பா’ என்ற சொல் காதில் விழும்போதே கண்ணில் ஒரு சிறுவன் தெரிவான். புத்தகத்தின் மாயமே அதில்தான் இருக்கிறது.

தமிழில் வாயைத் திறந்தால் முதல் வாக்கியத்தின் கடைசி எழுத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். ‘அப்பா ஓடினார்’ என்றால் பிள்ளைகளின் மனதில் வேட்டி கட்டி, மீசை வைத்த ஆள் ஓடுகிறார். ஏழு புலி அவரைச் சுற்றி வளைத்தால் யாரும் பயப்படுவதில்லை. ‘அப்பா ஓடினான்’ என்றால் கதை நின்றுவிடும்; பிள்ளைகள் சிரிப்பார்கள், வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கிற ஆச்சி அங்கிருந்தே அதட்டுவார். இரண்டும் வேண்டாம் என்று ‘எல்மர் ஓடினான்’ என்று போனால் நாக்குக்கு நிம்மதி. ஆனால் சொல்கிறவர் எல்மரின் பிள்ளை என்ற ரகசியம் போய்விடும், மிச்சம் இருப்பது ஒரு சாதாரண சாகசக் கதை. மூன்று வருடமாக இந்த ஒரு விகுதி படுத்தும் பாடு கொஞ்சமில்லை. வாசித்துக்காட்டுகிறவர் ஒவ்வொரு வரியிலும் இதைச் சுமக்க வேண்டும்.

வழி உண்டு, அது நம் ஊர்ப் பேச்சிலேயே இருக்கிறது. நகரத்தார் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்பார்கள். பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது இந்தப் பக்கத்தில் ‘சொன்னார்’ வராது. ‘சொன்னாக’, ‘வந்தாக’ என்றுதான் வரும். ‘அப்பச்சி அப்ப ரொம்பச் சின்னப் பிள்ளை. மழையில நனைஞ்சுக்கிட்டு ஒரு பூனை நின்னுச்சு. அதை வீட்டுக்குக் கூட்டியாந்தாக.’ இந்த ‘ஆக’வில் மரியாதை இருக்கிறது, மீசை இல்லை. அப்பத்தா கதை சொல்கிற குரல் அது. கதை சொல்கிற குரலில் வரும்போது அந்த ஆள் சின்னவராக இருந்தால் பிள்ளைகளுக்கு உறுத்துவதில்லை. ஒரு எச்சரிக்கை: கொங்குப் பக்கத்திலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் கூட்டத்தில் இருந்தால், அப்பச்சி என்ற சத்தம் அவர்களுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவை நினைவூட்டும். முதல் அத்தியாயத்திலேயே ஒரு தடவை விளக்கிவிடுங்கள்.

அது மட்டும் போதாது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வாக்கியம் முடிந்துகொண்டே இருக்கும். அப்படியே சொன்னால் ஆக, ஆக, ஆக என்று காதில் மோதும். இரண்டு வேலை செய்யலாம். ஒன்று, வினையெச்சத்தில் தொடுத்துக்கொண்டே போவது: ‘அப்பச்சி பையைத் தொறந்து, சீப்பை எடுத்து, பிரஷ்ஷை எடுத்து, ஏழு ரிப்பனையும் வரிசையா வெளிய வச்சு’ என்று இழுத்து, பத்திக்கு ஒரு முற்று வைத்தால் போதும். இரண்டு, நான்காம் வேற்றுமையில் சாய்வது: ‘அப்பச்சிக்குப் பசிச்சுச்சு’, ‘அப்பச்சிக்குத் தூக்கம் வந்துச்சு’, ‘அப்பச்சிக்கு ஒரு யோசனை தோணுச்சு’. இதில் ஆனும் இல்லை, ஆரும் இல்லை. ஆனால் இரண்டாவதை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் இரவோடு இரவாக ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் பாறை பாறையாகத் தாவும்போது எல்லாம் தோன்றியது, வந்தது என்று போனால் தாவலே இருக்காது. அங்கே ‘குதிச்சாக’தான் வேண்டும். அந்தப் பாறைகளில் ஒன்று குறட்டை விடுகிற திமிங்கலம் என்று தெரியும் இடத்தில் ஒரு நொடி நிறுத்துங்கள்.

ஐந்தாம் அத்தியாயத்தில், இவ்வளவு நேரம் எரிச்சல் தந்த அதே விகுதி அள்ளிக் கொடுக்க ஆரம்பிக்கிறது. மிருகங்களுக்கு அவர் அப்பச்சி இல்லையே. புலிகள் ‘டேய், யாருடா நீ’ என்கின்றன. காண்டாமிருகம் ‘என் குளத்துக்கு எவன்டா வந்தது’ என்கிறது. கதை சொல்கிற குரல் உடனே ‘அப்பச்சி ரொம்பப் பணிவா வணக்கம் சொன்னாக’ என்கிறது. மேலே மரியாதை, கீழே ‘டா’. இந்த உரசலில் பிள்ளைகள் துள்ளுகிறார்கள். ஆங்கிலத்தில் இந்தச் சுகம் கிடையாது. தமிழ்தான் கூட்டிக் கொடுக்கிறது.

பையில் இருக்கும் சாமான்களை ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது. சூயிங்கம், இரண்டு டஜன் ரோஸ் நிறக் குச்சி மிட்டாய், ஒரு பாக்கெட் ரப்பர் பேண்ட், கறுப்பு ரப்பர் பூட்ஸ், திசைகாட்டி, பல் துலக்கும் பிரஷ், பற்பசை, ஆறு பூதக்கண்ணாடி, கூர்மையான மடக்குக் கத்தி, சீப்பும் பிரஷ்ஷும், ஏழு நிற ரிப்பன், வெறும் தானியச் சாக்கு ஒன்று, மாற்றுத்துணி. சாப்பாட்டுக்கு 25 சாண்ட்விச், ஆறு ஆப்பிள். இந்தப் பட்டியல் இரண்டாம் அத்தியாயத்தில் வரும். அப்போதே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, ஒவ்வொரு மிருகம் வரும்போதும் எது வெளியே வரும் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். புலிக்குச் சூயிங்கம், காண்டாமிருகத்தின் கொம்பைத் தேய்க்கப் பிரஷ், சிங்கத்தின் பிடரிக்குச் சீப்பும் ரிப்பனும், கொரில்லாவின் தெள்ளுப்பூச்சி பார்க்கிற ஆறு குரங்குக்கு ஆறு பூதக்கண்ணாடி, 17 முதலைக்குக் குச்சி மிட்டாய். ரப்பர் பேண்ட் எதற்கு என்று ஒன்பதாம் அத்தியாயம் வரை யாருக்கும் பிடிபடாது: மிட்டாயை முதலை வாலில் கட்டத்தான். ஒரு முதலையின் வாலை அடுத்த முதலை சப்ப, ஆற்றின் குறுக்கே பாலம் ஆகிவிடும். நிஜச் சாமான்களைப் பரப்பி வைப்பதென்றால் சூயிங்கமும் கத்தியும் மட்டும் வேண்டாம். சாண்ட்விச்சைச் சீப்புச்சீடையாக மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. வேற்றூர்ப் பையன் வேற்றூர்ச் சாப்பாட்டைச் சாப்பிடட்டும்.

டேன்ஜரினைக் கமலா ஆரஞ்சு என்று சொன்னால் போதும். 31 பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு, தோலை வழியெல்லாம் போட்டுவிட்டுப் போவதால்தான் காட்டுப்பன்றிகளுக்குச் சந்தேகம் வருகிறது. உரிக்கிற பழம் என்பது புரிந்தால்தான் அந்த முடிச்சு புரியும்.

சொல்லைக் குழப்பிப் பேசுகிற சுண்டெலி இருக்கிறதே, அது நடுங்கவைக்கும். முதலெழுத்துகள் இடம் மாறிய பேச்சு அது. அப்படியே மொழிபெயர்த்தால் ஒன்றும் வராது. முதல் மெய்யை மட்டும் மாற்றிப்போட்டு உயிரை அங்கேயே விட்டுவிடுங்கள்: ‘விந்தையான பாறை’ என்பது ‘பிந்தையான வாறை’ ஆகும். உயிரையும் சேர்த்து மாற்றினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், பிள்ளைகளுக்கும் அவிழ்க்க வராது.

டிராகனை யாளி என்று சொல்லாதீர்கள். நம் பிள்ளைகளுக்கு யாளி என்றால் கோயில் தூணில் நிற்கிற, துதிக்கையும் சிங்க உடம்பும் கொண்ட உருவம். இந்தக் குட்டியோ மஞ்சளும் நீலமுமாய் வரி போட்டது. கொம்பும் கண்ணும் உள்ளங்காலும் சிவப்பு, இறக்கை தங்க நிறம், நெருப்புக் கக்குவதில்லை. டிராகன் என்றே சொல்லலாம். ரூத் கிரிஸ்மன் கேனட் வரைந்த படங்கள் கறுப்பு வெள்ளை என்பதால், நிறம் சொல்கிற வரியை நிதானமாக வாசியுங்கள். கயிறும் சுழற்றுகிற கைப்பிடியும் கொண்டு தீவு மிருகங்கள் அதை ஆற்றைக் கடக்கும் பரிசலாகப் பயன்படுத்துகின்றன என்பதற்குக் கிணற்று ராட்டினத்தைக் காட்டினால் விளங்கிவிடும். ஊருணியும் கண்மாயும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், சுற்றிக்கொண்டு போனால் என்ன என்று கேட்பார்கள். தீவை அந்த ஆறு ஏறக்குறைய இரண்டாகப் பிளக்கிறது என்பதை வரைபடத்தில் காட்டித்தான் புரியவைக்க முடியும்.

வரைபடம் என்றதும் கோபம் வருகிறது. நம் கையில் இருப்பது மெல்லிய அட்டைப் பதிப்பு. பசை மட்டும் போட்ட முதுகு, தையல் கிடையாது. வரைபடம் இரண்டு பக்கத்துக்கு விரிகிறது. பிள்ளைகள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து விரல் வைத்து வழி பார்க்க வேண்டுமென்றால் புத்தகத்தைத் தட்டையாகத் திறக்க வேண்டும். தட்டையாகத் திறந்தால் முதுகு பிளக்கும். சித்திரை வெயிலில் பசை இளகித் தாள் நழுவும், பிறகு அதே பசை இறுகி உதிரும். மூன்று வருடத்தில் மூன்று தடவை பைண்டிங். எடுத்தெடுத்து வாசிக்கத்தான் குழந்தைகளுக்கான புத்தகம் அச்சாகிறது. அதைத் தாங்காத முதுகோடு விற்பது சரியில்லை.

சரிசெய்கிற முறை இது. அட்டையைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, தாள்களைத் தட்டி ஒரே மட்டமாக்கி, இரண்டு பலகைக்கு நடுவே முதுகு மட்டும் வெளியே தெரிய இறுக்கிக் கட்டுங்கள். இரும்பு அறுக்கும் ரம்பத்தால் முதுகின் குறுக்கே ஐந்து இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் ஆழம் கீறி, பருத்தி நூலைப் பதித்து, வெள்ளை ஃபெவிகால் தடவுங்கள். மேலே மல் துணிப் பட்டை, இரண்டு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் மடிப்போடு. ஒரு இரவு முழுக்கக் காய வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் முதல் எட்டுத் தாள் வந்துவிடும். மைதாப் பசை வேண்டாம். மாவுப்பசை என்றால் ராமபாணத்துக்கு விருந்து. பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலக்கிற பழைய வழக்கம் கணக்குப் பேரேட்டுக்குச் சரி, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிற பிள்ளைகளின் புத்தகத்துக்கு ஆகாது, அது விஷம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுண்ணாம்புச் சுவரை ஒட்டி அலமாரி இருந்தால் நாலு விரல் இடம் விட்டு நகர்த்துங்கள். வரைபடத்தை முதல் நாளே ஏ3 தாளில் பெரிதாக நகலெடுத்து லேமினேட் பண்ணிவிட்டால் பாதி ஆயுள் கூடும்.

இன்னொரு குறை, டிராகன் நேரில் வருவது கடைசி அத்தியாயத்தில்தான். நாலு வயதுக்காரர்கள் ஆறாவதிலேயே எழுந்து போய்விடுவார்கள். ஆறு வயதுக்கு மேல் பிரச்சினை இல்லை. முதல் அத்தியாயத்தில் பூனையைக் கொண்டுவந்ததற்கு அம்மா அடிக்கிற இடத்தை மறைக்க வேண்டாம். ஒரு வாக்கியத்தில் கடந்துவிடலாம். 2022-ல் நோரா டுவோமி இயக்கி வந்த அனிமேஷன் படம் கதையை நிறைய மாற்றியிருக்கிறது, அதைப் பிறகு பார்க்கட்டும்.

அடுத்த இரண்டு புத்தகமும் 1950, 1951-ல் வந்தன. அவற்றில் கதைசொல்லி ‘என் அப்பா’வை விட்டுவிட்டு எல்மர் என்றே சொல்கிறார். விகுதித் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தால், வாசிக்கும்போது உப்பில்லாத மாதிரி இருக்கிறது. பிள்ளைகளுக்கு அப்பச்சிதான் வேண்டியிருக்கிறது.

வாங்கலாமா என்றால், இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். கெட்டி அட்டை போட்டுத் தைத்த பிரதி கிடைக்கும் வரை பொறுங்கள். மெல்லிய அட்டையில் வாங்கி நாலாவது தடவை ரம்பம் எடுக்க இங்கே தெம்பில்லை. ஏற்கெனவே கையில் இருந்தால், பத்தாம் அத்தியாயத்துக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். ஒன்பது அத்தியாயமாக மிருகங்களெல்லாம் ‘டா’ போட்ட பையனைக் குட்டி டிராகன் எப்படிக் கூப்பிடும்? ‘அண்ணே’ என்று கூப்பிட வையுங்கள். ‘அண்ணே, சீக்கிரம் அறுங்கண்ணே.’ ‘அப்பச்சி மடக்குக் கத்தியை எடுத்துக் கயித்தை அறுத்தாக.’ புத்தகம் முழுவதிலும் பேச்சும் கதையும் ஒரே மரியாதையில் சேருகிற இடம் அது ஒன்றுதான். அதை மெதுவாக வாசியுங்கள்.