இன்டர்வியூ செட்: பேண்ட் தேறும், பெல்ட் தேறாது

பாலிடெக்னிக் பையன்களுக்குக் கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கினால் ரெடிமேட் கடைகளில் ஒரு பெட்டி முன்வரிசைக்கு வந்துவிடும். முழுக்கைச் சட்டை, கருப்பு பேண்ட், பெல்ட், டை நான்கும் சேர்ந்த ‘இன்டர்வியூ செட்’. விலை ஆயிரத்துச் சொச்சம். பள்ளி முடியும்வரை “இன் பண்ணு, மேல் பட்டனைப் போடு” என்று பிரேயரில் திட்டு வாங்கியவனுக்கு அளவு பார்த்து உடுப்பு எடுக்க யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ‘வளர்ற பிள்ளை’ என்று இரண்டு சைஸ் பெரிதாகத்தான் யூனிஃபார்ம் தைத்திருப்பார்கள். அதே கணக்கில் இந்தப் பெட்டியையும் எடுத்தால் காசு வீண்.

முதல் குழப்பம் சைஸ் எண். பிராண்டட் சட்டைகளில் 38, 39, 40, 42 என்று இருப்பது காலர் சுற்றளவு, சென்டிமீட்டரில். செட்டுகளில் வரும் சட்டைகளில் பெரும்பாலும் அதே 38, 40 மார்பளவு, அங்குலத்தில். 39 என்ற சைஸே அந்தக் கடையில் இல்லையென்றால் எண்ணை நம்பாமல் டேப்பை எடுங்கள். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். அரை அங்குலம் கீழே இறங்கினாலும் அண்ணன் சட்டை போலத் தெரியும். தோளைப் பிரித்துச் சரிசெய்வதைச் சின்ன டைலர்கள் ஏற்கவும் மாட்டார்கள். மேல் பட்டனைப் போட்டபின் காலருக்குள் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கை மணிக்கட்டு எலும்பைத் தாண்டி அரை அங்குலம் கூடுதலாக இருந்தால் நல்லது. காட்டன் கலந்த துணி முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும்.

அடுத்து கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். செட் சட்டைகளில் பாதி இங்கேதான் தோற்கும். உயரம் குட்டை, அடிப்பக்கம் நேர்வெட்டு; ஃபைலை எடுக்கக் கை நீட்டினாலே இன் பண்ணியது வெளியே வந்துவிடும். அடிவிளிம்பு வளைந்து, முன்னும் பின்னும் நீண்டிருக்கும் சட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

காலர் கடையில் அட்டை மாதிரி விறைப்பாக இருப்பதில் மயங்க வேண்டாம். உள்ளே பசை வைத்து ஒட்டிய ஃபியூசிங் துணி இருக்கிறது. மட்டமாக ஒட்டியிருந்தால் சில துவைப்பிலேயே மேல்துணி பிரிந்து கொப்புளம் கொப்புளமாக எழும்பும். இஸ்திரி போட்டாலும் போகாது. காலரின் இரு பக்கத்தையும் விரலால் எதிரெதிராகத் தேய்த்துப் பாருங்கள். துணிகள் தனித்தனியாக நழுவினால் அடுத்த பெட்டி.

வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் போட்டால் மறையும் என்று நினைப்பு. உண்மையில் தோலுக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம்தான் பளிச்சென்று தெரிகிறது. சாம்பல் நிறமோ தோல் நிறத்தை ஒட்டிய நிறமோ குறைவாகத் தெரியும். கையில்லாத பனியனைவிட அரைக்கை பனியன் நல்லது. சென்னை வெயிலில் அக்குள் வியர்வையை அதுதான் தாங்கும்.

செட்டில் தேறுவது பேண்ட்தான், ஆல்டர் செய்தால். கால் மடிக்காமல் வருவதால் அளவு உங்கள் கையில். ஷூவைப் போட்டுக்கொண்டு நின்று அளவெடுக்க வேண்டும். முன்பக்கம் ஷூவின் மேல் லேசாக ஒரு மடிப்பு விழுந்தால் போதும். உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டு மடிக்கச் சொல்லுங்கள், பதினேழு வயதுக்கு இன்னும் உயரம் பாக்கி இருக்கலாம். இடுப்பின் பின் தையலைத் திருப்பிப் பார்த்து ஓர் அங்குலமாவது மிச்சத் துணி இருந்தால் பிறகு பிரித்துக்கொள்ளலாம். பல செட்டுகளில் கால் அங்குலம்தான் விட்டிருக்கிறார்கள், இது கஞ்சத்தனம். பாலியஸ்டர் அதிகம் என்பதால் மேலே ஈரக் காட்டன் துணி போட்டே இஸ்திரி போடுங்கள். இல்லாவிட்டால் தொடைப் பக்கம் பளபளக்கும்.

பெல்ட் வெறும் ரெக்ஸின், ஓட்டைப் பக்கம் சீக்கிரம் வெடித்துவிடும். டை ஜிப் வைத்தது. பள்ளி எலாஸ்டிக் டைக்கு அண்ணன். மெஷின் ஷாப் டிரெய்னி வேலைக்கு டை கேட்பவர் யாருமில்லை. இந்த இரண்டும் இல்லாமல் சட்டையையும் பேண்டையும் மட்டும் தருவார்களா என்று கேளுங்கள். மிஞ்சும் காசு ஷூவுக்கு. பழைய பள்ளிக் கருப்பு ஷூ கிழியாமல் இருந்தால் பாலிஷ் டப்பா ஒன்றே போதும்.

இன் பண்ணுவதையும் காட்டித்தான் தர வேண்டும். சட்டையை உள்ளே விட்டபின் இரண்டு பக்கத் தையலிலும் மிச்சத் துணியைக் கிள்ளிப் பிடித்து, முதுகுப் பக்கமாக மடித்து, அந்த மடிப்பு கலையாமல் பேண்டை ஏற்றி பெல்ட் போட வேண்டும். பட்டன் வரிசை, பெல்ட் பக்கிள், ஜிப் மூன்றும் ஒரே கோட்டில். பிறகு பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து கண்ணாடி பார்க்கட்டும்.

பெண்பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பெட்டியே பல கடைகளில் இல்லை. குர்தி ரேக்கைக் காட்டிவிடுகிறார்கள். லைனிங் இருக்கிறதா, உட்காரும்போது பக்கவெட்டு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து எடுங்கள். ஷாலை இரு தோளிலும் பின் குத்தலாம், ஆனால் லேத் (கடைசல் மெஷின்) பக்கம் போகும் நாளில் ஷாலே கூடாது, ஓவர்கோட்தான். ஓடும் மெஷினைச் சோதிப்பவர் உடம்பை ஒட்டிய உடை அணிய வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் 22ஆம் பிரிவிலேயே எழுதினார்கள். தொங்கும் துணியைச் சுழலும் தண்டு இழுத்துவிடும்.

இந்த செட்டையும் ஒர்க்‌ஷாப்புக்குப் போட வேண்டாம். வெல்டிங் பொறி பட்டால் பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். அங்கே முழுக் காட்டன் காக்கி மட்டும்.

வாங்கியதும் குண்டூசிகளை எண்ணி எடுங்கள். காலருக்கு அடியில் ஒன்று, பின்பக்க மடிப்பில் இரண்டு எப்போதும் தப்பிவிடும். நெஞ்சில் ஒட்டிய சைஸ் ஸ்டிக்கரையும் உரித்தாக வேண்டும். கால் வெட்டிய பேண்டைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார், ஆகவே டைலரிடம் கொடுக்கும் முன்பே வீட்டில் ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.