அண்ணன் கட்டிய சுவரும் 41 அங்குலக் குச்சியும்

பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பாபநாசம் பக்கம் ஒருவரும் மோட்டாரைத் தேட மாட்டார்கள். அந்த நாட்களில் சாயங்காலமானால் தஞ்சாவூருக்கு வண்டியை விடுவேன். அங்கே ஒரு மாடியில் பூல் டேபிள் போட்ட கடை. அந்தக் கடையில் ஓர் அண்ணன். பந்தைக் குழியில் தள்ள அவருக்கு அவசரமே கிடையாது. நான் தொட வேண்டிய பந்து மறையும்படி வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய் வேறொரு பந்துக்குப் பின்னால் சொருகிவிட்டு டீ சொல்லுவார். அவருக்காகத்தான் இந்த ஜம்ப் கியூவை, அதாவது தடுக்கும் பந்துக்கு மேலே வெள்ளைப் பந்தைத் துள்ளவைக்கும் குச்சியை, ஆன்லைனில் வாங்கினேன். 3,400 ரூபாய்.

நீளம் 41 அங்குலம். உலக பூல் சங்க விதிப்படி 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அந்த வகையில் பிரச்சினை இல்லை. எடை 9 அவுன்ஸ் என்று போட்டிருந்தது. கடைத் தராசில் வைத்தேன், 262 கிராம். ஏழு கிராம் கூட, சரி, போகட்டும். நான் ஆடும் 58 அங்குலக் கியூ இதைப் போல இரண்டு மடங்கு கனம். நுனியில் தோல் டிப் இல்லை, கல் மாதிரி ஒரு பழுப்பு வில்லை. பினாலிக் என்கிறார்கள். நமக்குப் பழக்கமான சரக்குதான்: மோட்டார் ஸ்டார்ட்டரில் இருக்கும் பேக்லைட்டின் பங்காளி. தோல் அமுங்கிக்கொடுக்கும், இது கொடுக்காது. அடி அப்படியே பந்துக்குப் போகிறது.

பந்தை அடியில் நெம்பித் தூக்குவதுதான் ஜம்ப் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஃபவுல். சரியான ஜம்ப், கிட்டிப்புள்ளின் மூக்கில் தட்டினால் எழும்புமே, கிட்டத்தட்ட அந்தக் கதை. கியூவைச் சாய்த்து மேலிருந்து பந்தைக் கீழே அடிக்க வேண்டும். துணிக்கு அடியில் ஸ்லேட் கல் இருக்கிறது. பந்து அதில் மோதித் துள்ளும். கனமான கியூ அதற்குள் விலகாமல் பந்தை அமுக்கிவிடும். இலேசான குச்சி எதிரடியில் தானே பின்வாங்கி வழிவிடுகிறது. மொத்த சூட்சுமமும் அவ்வளவுதான்.

முதல் நாளே, ஒரு சாண் தள்ளியிருந்த பந்தைப் பத்து முயற்சியில் ஏழு முறை தாண்டினேன். பழைய கியூவில் மூன்று மாதம் முக்கியும் நடக்காத காரியம். தாண்டிய பிறகு வெள்ளைப் பந்து எங்கே போகும் என்பது வேறு விஷயம். இரண்டு முறை டேபிளை விட்டே குதித்தது, ஒரு முறை பக்கத்து மேசைக்காரரின் செருப்பில் போய் நின்றது.

அண்ணனுக்குக் கோபம். "நான் கஷ்டப்பட்டு சுவர் கட்டுறேன், நீ கடையில ஏணி வாங்கிட்டு வந்துட்டே தம்பி. தாண்டணும்னா ஆடுற கியூவாலயே தாண்டு" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஊட்டி கிளப்பில் விதி எழுதி மாட்டிய ஸ்னூக்கரில் பந்தைத் தாண்டினாலே ஃபவுல். மறைத்தால் குஷனில், அதாவது மேசையின் ரப்பர் விளிம்பில் அடித்தோ, பந்தை வளைத்தோதான் சுற்றிவர வேண்டும்.

என் பக்கமும் ஒன்று உண்டு. நாங்கள் ஆடும் நைன் பால் என்ற ஒன்பது பந்து பூல் ஆட்டத்தில் பாதி நேரம் மறைப்பு திட்டமிட்டு வருவதில்லை. எதிராளி அடித்துத் தவறவிடுவான், வெள்ளைப் பந்து தானாக உருண்டு ஒளிந்துகொள்ளும். அவன் அதிர்ஷ்டத்துக்கு நான் ஏன் பால் இன் ஹேண்ட், அதாவது வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து வேண்டிய இடத்தில் வைத்து ஆடும் உரிமை, கொடுக்க வேண்டும்? இதைச் சொல்லிவிட்டு, "ஆட்டம் தொடங்குற பிரேக் அடிக்க மட்டும் நீங்க தனிக் கியூ எடுத்துட்டு வரலையாண்ணே?" என்று கேட்டேன். டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது வாரம் டிப் கழன்று கையோடு வந்தது. உள்ளே பசை என்ற பெயரில் ஏதோ பொடி. உப்புத்தாளில் தேய்த்து அரால்டைட் வைத்து ஒரு ராத்திரி விட்டேன், இன்றுவரை அசையவில்லை. வாங்குகிறவர்கள் டிப்பை முதல் நாளே அசைத்துப் பாருங்கள். இன்னொன்று, ஜம்ப் அடித்த இடத்தில் துணியில் வெள்ளைப் புள்ளி விழுகிறது. கடைக்காரர் முகம் சுளித்தார். இப்போது பழகும்போது பழைய துணித் துண்டு ஒன்றைப் பந்துக்கு அடியில் போட்டுக்கொள்கிறேன்.

குச்சியின் மேல் போட முடியாத ஒரு குறையும் இருக்கிறது. குஷன் கணக்கு எனக்குத் துருப்பிடித்துவிட்டது. போன வருடம் இரண்டு குஷன் சுற்றித் தொடுவேன், இப்போது கை தானாக உறைக்குள் இருக்கும் குச்சியைத் தேடுகிறது.

அண்ணன் அதைக் கவனித்துவிட்டார். முன்பெல்லாம் மறைத்தால் போதும் என்று ஒரு சாண், இரண்டு சாண் விட்டுவைப்பார். இப்போது வெள்ளைப் பந்தைத் தடுப்புப் பந்தோடு விரல் கூட நுழையாதபடி ஒட்டவைக்கிறார். அந்த இடைவெளியில் 3,400 ரூபாய்க் குச்சி எழும்ப இடமில்லை. நேற்றும் அப்படித்தான் வைத்தார். மூன்று குஷன் அடித்துப் பார்த்தேன், நாலு விரல்கடை தள்ளிப் போயிற்று.