ஹட்டனிலும் ஃபுதாபாவிலும் அளந்து பார்த்த கைகர் எண்ணி

ஹட்டனில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு, கதிர்த்தொழிற்பாடு என்ற பாடத்தைப் படங்களை மட்டும் காட்டி நடத்துவது நெடுநாளாக மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு, வரிகளோடு ஐம்பதாயிரம் ரூபாவுக்கு மேல் செலவிட்டு, எம்4011 என்னும் கண்ணாடிக் குழாய் பொருத்திய கதிர்வீச்சை எண்ணிக் காட்டும் கையடக்கக் கைகர் எண்ணி ஒன்றை இணையவழியில் வாங்கினேன். ஜப்பானில் வேலை செய்யும் என் மச்சான் விடுமுறை முடிந்து திரும்பும்போது அதை எடுத்துச் சென்று, 2011 மார்ச் 11 சுனாமியில் நாசமான ஃபுகுஷிமா டாயிச்சி அணுமின் நிலையத்தை அடுத்த ஃபுதாபா நகரில் அளந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். இரண்டு இடங்களிலும் பயன்பட்ட பிறகே இதை எழுதுகிறேன்.

இக்கருவி உண்மையில் செய்வது ஒன்றுதான்: கதிர் பாயும்போது குழாய்க்குள் நிகழும் மின் துடிப்புகளை எண்ணுகிறது. நிமிடத்துக்கு வரும் எண்ணிக்கையை 0.0065ஆல் பெருக்கி, மணிக்கு இத்தனை மைக்ரோ சீவேர்ட் (உடல் ஏற்கும் கதிரின் அலகு) என்று திரையில் காட்டுகிறது. அணு உலை விபத்துகளில் வெளியேறும் சீசியம்-137 வெளியிடும் காமாக் கதிருக்குப் பொருந்தும் இந்தக் குணகத்தை எல்லாக் கதிர்களுக்கும் ஒன்றுபோலப் பயன்படுத்துவதைக் கையேடு ஒரு வரியில்கூட விளக்கவில்லை என்பது பெரிய குறை. எங்கள் வீட்டு முற்றத்தில் நிமிடத்துக்கு 30 துடிப்புகள் வருகின்றன. தற்செயலாக வரும் இத்தகைய எண்ணிக்கை அதன் வர்க்கமூலமளவு கூடிக் குறைவது வழக்கம். 30இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 5.5 என்பதால், ஒரு நிமிட வாசிப்பு 24ஆக இறங்கினாலும் 36ஆக ஏறினாலும் அது இயல்பான தளம்பலே. பத்து நிமிடங்கள் எண்ணினால் 300 துடிப்புகள் சேர்ந்து, தளம்பல் 6 சதவீதமாகக் குறைகிறது. பொறுமை இல்லாதவருக்கு இக்கருவி வீண் பயத்தைத்தான் தரும்.

முற்றத்து வாசிப்பு மணிக்கு 0.2 மைக்ரோ சீவேர்ட்டை ஒட்டி நிற்கிறது. ஃபுகுஷிமாப் பகுதியில் மண்ணை அகற்றித் தூய்மைப்படுத்துவதற்கு ஜப்பானிய அரசு வைத்த அளவுகோல் 0.23 என்று வகுப்பில் சொன்னபோது, “சேர், அப்படியென்றால் நாங்களும் அந்த நிலத்தில்தான் இருக்கிறோமா?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. இயற்கைக்கு மேலதிகமாக ஆண்டுக்கு 1 மில்லி சீவேர்ட் என்ற எல்லையை எடுத்து, ஒருவர் நாளில் 8 மணித்தியாலம் வெளியிலும், கதிரை 0.4 மடங்காகக் குறைக்கும் மர வீட்டுக்குள் 16 மணித்தியாலமும் இருப்பார் என்று கொண்டால் 0.19 கிடைக்கும், அந்த நாட்டின் இயற்கை அளவான 0.04ஐக் கூட்டினால் 0.23. நம் மலைநாட்டிலோ காலடியில் இருப்பது, இயற்கையாகவே கதிர் வீசும் பழைய நைஸ் பாறை. உயரம் கூடக் கூட, விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிரும் கூடுகிறது. 1904இல் ஆனந்த குமாரசுவாமி கண்டெடுத்த, கதிர் வீசும் தோரியம் நிறைந்த தோரியனைட் கனிமம் அயலிலுள்ள பலாங்கொடைப் பக்கத்து மண்ணுக்கு உரியது என்பதையும் மாணவர்களுக்கு மறக்காமல் சொல்கிறேன். இவற்றுக்கு மேல், அண்டக்கதிரால் வரும் துடிப்பையும் சீசியத்தின் துடிப்பாகவே கணக்கிடுவதால், தாழ்ந்த அளவுகளில் இக்கருவி கூட்டியே காட்டுகிறது.

அந்தக் கூட்டலை ஃபுதாபாவில் நேரடியாகச் சரிபார்க்க முடிந்தது. அங்கே பொது இடங்களில் அரசின் அளவீட்டுக் கம்பங்கள் நிற்கின்றன. புகையிரத நிலையத்துக்கு அருகிலிருந்த கம்பம் 0.09 காட்டிய நேரத்தில், எங்கள் கருவி பத்து நிமிடச் சராசரியாக 0.13 காட்டியது. அதாவது தூய்மைப்படுத்தப்பட்ட அந்த முன்றலில் வாசிப்பு ஹட்டனைவிடக் குறைவு. ஆனால் மச்சான் அங்கிருந்து நடந்து, அனுமதிக்கப்பட்ட வீதியின் ஓரத்தில் காட்டுச் சரிவிலிருந்து நீர் வடியும் கான் ஒன்றின் அருகே கருவியைப் பிடித்தபோது 0.6ஐத் தாண்டிவிட்டது. சீசியம் களிமண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். இலைக்குப்பையிலும் பாசியிலும் தங்கும். மழைநீரோடு வந்து பள்ளங்களில் சேரும். இரண்டு ஆண்டு அரை ஆயுளுடைய (பாதியாகச் சிதைய எடுக்கும் காலம்) சீசியம்-134 பெரும்பாலும் அழிந்துவிட்டாலும், 30 ஆண்டு அரை ஆயுளுடைய சீசியம்-137 நிலைத்திருக்கிறது. ஓர் இடத்தில் எடுத்த ஓர் எண்ணைக் கொண்டு ஊர் முழுவதையும் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது என்பதை இந்தச் சிறு கருவி தெளிவாகக் காட்டியது. விபத்து நடந்த நிலங்களை அளப்பதில் அதன் உண்மையான பெறுமதி இதுவே.

மலையக ஈரம் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை. ஜூன் மாதப் பனிமூட்டத்தில் ஒரு காலை எண்ணிக்கை திடீரென்று 70க்கு ஏறி, அன்று முழுவதும் இறங்கவே இல்லை. குழாய்க்கு ஏறத்தாழ 400 வோல்ற் கொடுக்கும் சுற்றில் ஈரம் படிந்திருந்தது. மூடிய டப்பாவில் அரிசியோடு இரண்டு நாள் வைத்த பிறகே சீரானது. மழையால் வரும் உண்மையான ஏற்றம் வேறு. மழைத்துளிகள், நிலத்திலிருந்து கசியும் ரேடன் வாயுவின் சிதைவுப் பொருட்களான ஈயம்-214ஐயும் பிஸ்மத்-214ஐயும் காற்றிலிருந்து கழுவிக் கீழே கொண்டுவருகின்றன. பள்ளிக்கூட முற்றத்து மேசையில் விழுந்த மழைநீரைக் கடதாசியால் துடைத்து அளந்தால், கூடியிருந்த எண்ணிக்கை சுமார் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வரும். அரை ஆயுளைக் கண்முன்னே காட்ட இதைவிட மலிவான பரிசோதனை எனக்குத் தெரியாது. அப்பாவின் தகரப்பெட்டியில் கிடந்த பழைய பெற்றோமக்ஸ் விளக்கு மென்டில் பொதியும் தோரியம் கலந்தது என்பதால், பொலித்தீன் உறையைப் பிரிக்காமலே 200க்கு மேல் எண்ணிக்கை தந்தது.

அயலவர் ஒருவர், செர்னோபில் அணு உலை விபத்துக் காலத்துப் பேச்சு இன்னும் மனத்திலிருக்க, பால்மாப் பைக்கற்றோடு வந்து அளந்து தரச் சொன்னார். மறுத்துவிட்டேன். உணவிலுள்ள மிகச் சிறிய சீசியத்தைச் சூழலின் 30 துடிப்புகளிலிருந்து இக்கருவியால் பிரித்தறிய முடியாது. அதற்கு ஈயக் கவசத்துக்குள் மாதிரியை வைத்து, காமாக் கதிரின் சக்தியைப் பிரித்துக் காட்டும் ஆய்வுகூடக் கருவி வேண்டும். உணவை அளப்பதற்காக இதை வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். உயர்தர வகுப்பு நடத்தும் எந்தப் பாடசாலையும், ஈரத்திலிருந்து காக்கும் ஒரு டப்பாவோடு சேர்த்து, தயங்காமல் வாங்கலாம்.