கப்பல் எப்போது ஒடியும்: ஸ்மித் முறையா, நான்லீனியர் எஃப்இஎம்மா?

கப்பலின் உடல் ஒரு நீண்ட உத்திரம் மாதிரி. அலையின் முகடு நடுவில் தூக்கும்போது மேல்தளம் இழுபடும், அடித்தட்டு நசுங்கும். எந்த அளவு வளைத்தால் ஒடியும்? இதைக் கணக்கிடும் இரண்டு முறைகளை ஒப்பிடுவோம்.

1977-இல் வந்த ஸ்மித் முறை, குறுக்குவெட்டை விறைப்புச் சட்டமும் தகடும் சேர்ந்த சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கிறது. வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு தாங்குகிறது என்று கூட்டிப் பார்க்கிறது. சாதாரணக் கணினியே போதும், விடையும் சட்டென்று வந்துவிடும். ஆனால் வெட்டுமுகம் வளைந்த பிறகும் தட்டையாகவே இருக்கும் என்பது அதன் அனுமானம். கீழிருந்து கடல்நீர் அழுத்தி இரட்டை அடித்தளத்தை (ஒன்றின் மேல் ஒன்றாக இரு தட்டுகள் கொண்ட அடிப்பகுதியை) தனியாக வளைப்பது அதன் கணக்கில் வராது.

அது சின்ன விஷயமல்ல. 2013 ஜூனில் 316 மீட்டர் நீளமுள்ள எம்ஓஎல் கம்ஃபர்ட் என்ற கன்டெய்னர் கப்பல் இந்தியப் பெருங்கடலில் நடுவே இரண்டாக ஒடிந்தது. பிறகு நடந்த ஆய்வுகள் இந்த நீரழுத்தத்தின் பங்கைத்தான் அழுத்திச் சொல்லின.

சரக்கறைகளை முழுசாக மாதிரியாக்கும் நான்லீனியர் எஃப்இஎம் இந்த நீரழுத்தத்தின் விளைவைப் பிடித்துவிடும். கட்டமைப்பை வலைபோலச் சின்னக் கூறுகளாகப் பிரித்து, தகடு நெளிந்து நிலைகுலைவதையும் கணக்கில் எடுக்கும் கணினி முறை இது. ஆனால் அதன் தொல்லை வேறு: தகட்டின் ஆரம்பக் கோணலையும் வலைக்கண் அளவையும் மாற்றினால் விடையும் மாறும்.

ஆரம்ப வடிவமைப்புக்கு நான் ஸ்மித்தையே எடுப்பேன். பெரிய கன்டெய்னர் கப்பல் என்றால் அதோடு நிறுத்தமாட்டேன்.