'புண்ணியம்' என்று யாரும் சொல்லாத ஒரு கூட்டம்

இதை ஒரு ஓட்டலுக்கு விமர்சனம் எழுதுகிற மாதிரியே எழுதிவிடுகிறேன். "எப்படி இருந்துச்சு, நாங்களும் போலாமா" என்று கேட்டு நாலைந்து பேர் போன் பண்ணிவிட்டார்கள், ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது.

பாளையங்கோட்டையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தான் பெறாத பிள்ளையை வளர்க்கிறவர்களுக்கென்று ஒரு கூட்டம் நடக்கிறது. வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளை எடுத்தவர்கள், மகள் போய்ச் சேர்ந்த பிறகு பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆச்சிகள், தங்கச்சி பிள்ளையைத் தன் மூன்றோடு நாலாவதாகச் சேர்த்துக்கொண்ட ஒரு பெரியம்மை, அக்கா மகனை வளர்க்கிற ஒரு லாரி டிரைவர் மாமா, எல்லாரும் உண்டு. கட்டணம் கிடையாது. சாப்பாட்டுக்கு ஆளுக்கு 50 ரூபாய் டப்பாவில் போடவேண்டும், போடாவிட்டாலும் யாரும் கேட்பதில்லை. ஐந்து மாதம் விடாமல் போயிருக்கிறேன். நடத்துகிறவர்கள் பெயரையும் தெருவையும் வேண்டுமென்றேதான் போடவில்லை, காரணம் பின்னால் வருகிறது.

முதலில் என் கதை, சுருக்கமாக. வயது 46, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, வண்ணார்பேட்டைப் பக்கம் தையல் கடை. முன்பெல்லாம் தனி ஆளுக்கு வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளை தரமாட்டார்கள், தம்பதியாக இருக்க வேண்டும். 2024-ல் ஒன்றிய அரசு வழிகாட்டுதலைத் திருத்தி, 35 வயதிலிருந்து 60 வயதுக்குள் இருக்கிற தனி ஆட்களும் எடுக்கலாம் என்று கொண்டுவந்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்கிற அரசு அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்தேன். வீட்டைப் பார்க்க வந்தார்கள், போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்த்தது, பிள்ளையிடம் சம்மதம் கேட்டது, கடைசியில் குழந்தைகள் நலக் குழுவின் ஆணை. குழந்தைகள் இல்லத்தில் இருந்த ஒன்பது வயதுக்காரி என் வீட்டுக்கு வந்தாள்.

தத்து வேறு, இது வேறு. தத்தெடுத்தால் சட்டப்படி அது உங்கள் பிள்ளை. இதில் பிள்ளை உங்கள் வீட்டில் வளரும், உங்கள் கையால் சாப்பிடும், ஆனால் கடைசி வார்த்தை நலக் குழுவுடையது, மாதா மாதம் பார்வையிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, சொந்தக் குடும்பம் நிமிர்ந்துவிட்டால் பிள்ளை திரும்பிப் போகவும் செய்யலாம். இதை எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் விளங்கவைக்க என்னால் முடியவில்லை. பாதியிலேயே கையைப் பிடித்துக்கொண்டு "பெரிய புண்ணியம்க்கா" என்று முடித்துவிடுவார்கள்.

இந்தப் புண்ணியம் என்கிற வார்த்தை இருக்கிறதே, அது வாயைத் தைத்துவிடும், தையல்காரி சொல்கிறேன். புண்ணியம் செய்கிறவள் அலுத்துக்கொள்ளக் கூடாது. ராத்திரி இரண்டு மணி வரை விளக்கை அணைக்க விடாமல் பிள்ளை உட்கார்ந்திருந்தாள், விடிந்தால் 11 ஜாக்கெட் கொடுக்க வேண்டும், எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை என்று சொல்லிப் பாருங்கள், கேட்கிறவர் முகம் மாறும், அடுத்த கேள்வி "பேசாம திருப்பி விட்டுரலாம்லா?" என்பதாக இருக்கும். பெற்றவள் வாசலில் நின்று "இந்தச் சனியன் என் உசுர வாங்குது" என்று கத்தினால் தெரு சிரிக்கும். அதையே நான் சொன்னால் தெரு கூடிவிடும்.

கூட்டத்துக்குப் போன முதல் ஞாயிறு, மூலைக்கரைப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா எல்லார் முன்னாலும் சொன்னாள், "நேத்து இவன ஒரு அறை விடணும்னு கைய ஓங்கிட்டேன்." நான் அப்படியே உறைந்துவிட்டேன். இப்போது யாராவது வகுப்பு எடுப்பார்கள் என்று பார்த்தால், பக்கத்தில் இருந்தவள், "அப்புறம்?" என்றாள். "அப்புறம் என்ன, அடுப்படிக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டு நின்னேன்." "நான் கொல்லைக்குப் போயிருவேன்" என்றாள் இன்னொருத்தி. "எங்களுக்குக் கொல்லை ஏது, மொட்டை மாடிதான்" என்று மூன்றாவது குரல். எல்லாரும் சிரித்தார்கள், அந்த அக்காவும் சிரித்தாள், அவளுக்குக் கண்ணீரும் வந்தது. ஐந்து மாதத்தில் அந்த ஹாலில் புண்ணியம் என்ற வார்த்தையை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மற்ற எதற்காக இல்லாவிட்டாலும் இதற்காகப் போகலாம்.

எனக்குத் தனியாகக் கிடைத்தது எறும்பு விஷயத்தில். வீட்டில் சுவரோரமாக ஒரு செவ்வெறும்பு வரிசை, எங்கே போகிறது என்று பின்னாலேயே போனால் பிள்ளையின் தலையணைக்குள் போகிறது. உறையைக் கழற்றினால் காய்ந்த தோசை ஒன்றரை, ஒரு துண்டு கருப்பட்டி, நமுத்த பிஸ்கட், கணக்கு நோட்டுத் தாளில் சுற்றிய சத்துணவு முட்டை. முட்டையின் மணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். நான் எல்லாவற்றையும் எடுத்துக் குப்பையில் போட்டு, உறையைத் துவைத்து, பிள்ளையை உட்காரவைத்து, "நம்ம வீட்ல என்ன இல்ல, கேட்டா தரமாட்டேனா" என்று அரைமணி நேரம் பேசினேன். தலையை ஆட்டினாள். அடுத்த வாரம் இட்லி ஜாமெட்ரி பாக்ஸுக்குள் இருந்தது.

இதைக் கூட்டத்தில் சொன்னதும் பத்தமடை ஆச்சி ஒருத்தி, இரண்டு பேரன்களை வளர்க்கிறவள், மடியிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "எடுத்துப் போட்டியா தாயி? அங்கதான் தப்புப் பண்ணிட்ட. அது களவா? சேத்து வைக்கா. ஒரு சம்படம் வாங்கி அவ கையில குடு. அவளே நெரப்பட்டும், ராத்திரி தலைமாட்டுல வச்சுக்கிடட்டும். நீ தொறந்து பாக்காத. எறும்பு ஏறாத சம்படமாப் பாத்து வாங்கு." எத்தனை நாளைக்கு ஆச்சி என்றேன். "அத எதுக்கு எண்ணுத, சவத்த விடு" என்று வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். கூட்டத்தை நடத்துகிற பெண் அப்புறம் இதையே பாடமாகவும் சொன்னாள்: பசி பார்த்த பிள்ளையும், மணியடித்தால்தான் சோறு என்று வளர்ந்த பிள்ளையும் அடுத்த வேளையை நம்பாது, ஒளித்து வைத்ததை நாம் பிடுங்கினால் இன்னும் ஆழமாக ஒளிக்கும் என்று. ஆச்சி சொன்னதற்கு இது பொழிப்புரை, அவ்வளவுதான்.

டவுனில் நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் ஒரு பாத்திரக் கடையில் எவர்சில்வர் சம்படம் வாங்கினேன், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று நாலைத் திறந்து மூடிப் பார்த்து. முதல் வாரம் முறுக்கும் கடலைமிட்டாயுமாகக் கழுத்து வரை நிரம்பியது. ராத்திரி விளக்கணைத்த பிறகு மூடி திறக்கிற 'டொப்' சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் மூடுகிற சத்தம். மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்கவே கேட்காது. இருக்கிறதா என்று பார்க்கிறாள், தின்பதில்லை. அது எனக்கு விளங்கவே மூன்று நாலு ராத்திரி ஆனது. இப்போது அதில் பாதி தின்பண்டம், பாதி ஹேர்பின்னும் சோழியும். நான் திறந்து பார்க்கவில்லை, அவளே காட்டினாள்.

சரி, மற்ற விஷயங்கள். ஹாலின் ஒரு மூலையில் ஒரு மேசை போட்டுத் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் உட்கார்ந்திருப்பார். காகிதம் சம்பந்தமாக எதைக் கேட்டாலும் அவரிடம்தான். முதியோர் பென்ஷனை வைத்து இரண்டு பேத்திகளை ஓட்டிக்கொண்டிருந்த ஒரு ஆச்சிக்கு, அம்மா அப்பா இரண்டு பேரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2000 ரூபாய் தருகிற 'அன்புக்கரங்கள்' என்று ஒரு திட்டம் 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கியிருக்கிறது என்பதே தெரியாது. ஒருவரை இழந்து மற்றவரால் பார்க்க முடியாத நிலை என்றாலும் அதில் சேரலாம். ஒன்றிய அரசின் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு தனி, மாதம் 4000, அதற்கு வருமான வரம்பு உண்டு: கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000. இறப்புச் சான்று எங்கே, ஆதாரில் பெயர் ஒரு மாதிரி பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரி இருக்கிறதா, எல்லாவற்றையும் பார்த்து, எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்று குண்டூசி குத்திக் கொடுத்துவிடுவார். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் என்னிடம் "அப்பா பேரு இல்லாம அப்ளிகேஷன் வாங்க முடியாது" என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நலக் குழு ஆணையின் நகலை மேலாக வைத்து, அதில் எந்த வரியில் கோடு போட்டுக் காட்ட வேண்டும் என்று சொன்னவர் அவர்தான். நாலாவது தடவை வாங்கிக்கொண்டார்கள்.

பிள்ளைகளுக்குப் பக்கத்து அறை. பாய் விரித்து, கேரம் போர்டு, தாயம், வண்ணப் பென்சில், பார்த்துக்கொள்ள இரண்டு கல்லூரிப் பிள்ளைகள். இவள் என்னை முதல் மூன்று மாதம் 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டாள், இல்லத்தில் பழகியது. எனக்குள் ஒரு சின்ன வருத்தம் இருந்தது, வெளியே சொன்னதில்லை. அந்த அறையில் ஒரு பையன் தன்னை வளர்க்கிறவளை ஆச்சி என்கிறான், ஒருத்தி மாமி என்கிறாள், ஒருத்தன் பெயர் சொல்லியே கூப்பிடுகிறான். திரும்பி வரும்போது பஸ்ஸில், "நான் ஒங்கள எப்படிக் கூப்பிடட்டும்" என்று கேட்டாள். இரண்டு நிறுத்தம் யோசித்துவிட்டு அவளே 'பெரியம்மை' என்று முடிவு செய்தாள். பெரியம்மை என்றால் அவளுக்கு அம்மா ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்றுதானே கணக்கு. இருக்கிறாள். அது எனக்குச் சரியாகவே பட்டது.

குறைகள் நிறைய உண்டு. ஒவ்வொரு மாதமும் ஒரு சிறப்புப் பேச்சாளரைக் கூட்டி வந்துவிடுகிறார்கள். நாற்பது நிமிஷம் 'நேர்மறைப் பராமரிப்பு அணுகுமுறை' என்று ஒருவர் ஸ்லைடு போட்டார், ஆச்சிகள் பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் பதினொரு மணிக்கே பசி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தை எங்களுக்கே விட்டால் எவ்வளவோ பேசியிருப்போம். நேரமும் சரியில்லை. பாளையங்கோட்டையில் ஞாயிறு காலை பத்தரைக்குக் கூட்டம் வைத்தால் ஆராதனை முடிந்து வருகிறவர்கள் எப்படி வருவார்கள், அவர்கள் பதினொன்றரைக்கு மூச்சிரைக்க வந்து, விட்டதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு, அதில் ஒரு சலசலப்பு. மூன்று மணிக்கு மாற்றச் சொல்லி இரண்டு தடவை சொல்லிவிட்டேன். ஆண்கள் வாசல் வரை வந்து பைக்கில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள், லாரி டிரைவர் மாமா ஒருத்தர்தான் விதிவிலக்கு, அவரும் கூச்சத்தில் மேசையோடு ஒட்டியே உட்கார்ந்திருப்பார்.

வாட்ஸப் குழு ஒன்று இருக்கிறது. காலையில் ரோஜாப்பூ, மாலையில் தத்துவம், நடுவில் எப்போதாவது உருப்படியாக ஒரு கேள்வி. ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறார்கள். ஒரு தடவை யாரோ ஆர்வத்தில் பிள்ளைகள் கேரம் விளையாடுகிற படத்தைப் போட்டுவிட்டார்கள், ஐந்து நிமிஷத்தில் அழிக்கச் சொல்லிவிட்டார்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015-ல் 74-வது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற பிள்ளையின் பெயர், படம், பள்ளிக்கூடம் என்று அடையாளம் தெரிகிற எதையும் வெளியிடக் கூடாது, மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. நான் இங்கே இடத்தின் பெயரைச் சொல்லாததும் இதனால்தான். ஞாயிறு அன்று அந்த வாசலில் எந்தப் பிள்ளைகள் வந்து இறங்குகின்றன என்று யாரும் நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். போக வேண்டும் என்கிறவர்கள் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் வழி சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அப்புறம் மாத்தாள் ஏற்பாடு. ஒரே பகுதியில் இருக்கிறவர்களை மூன்று மூன்று பேராகச் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் பிள்ளை இரண்டு மணி நேரம் அந்த வீட்டில், அவர்களுக்கு ஒரு துஷ்டி வீடு என்றால் அவர்கள் பிள்ளை என் கடையில் பித்தான் பொறுக்கிக்கொண்டிருக்கும். ராத்திரி தங்குவதென்றால் மட்டும் அலகில் சொல்லாமல் கூடாது என்று நடத்துகிறவர்கள் முதல் நாளே எழுதி வாங்கிவிட்டார்கள். சொந்தக்காரர்களிடம் விட்டுப் போனால் திரும்பி வரும்போது ஒரு புத்திமதி இலவசமாகக் கிடைக்கும். இங்கே அது இல்லை. நான் இரண்டு தடவைதான் பயன்படுத்தியிருக்கிறேன், ஒரு தடவை உண்மையிலேயே ஆஸ்பத்திரிக்கு, இன்னொரு தடவை சும்மா வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதற்கு.

சாப்பாடு பற்றிச் சொல்லாமல் விட்டால் திருநெல்வேலிக்காரி என்று யார் நம்புவார்கள். முறை வைத்துச் சமைத்துக் கொண்டுவருகிறார்கள். மூன்றாவது மாதம் வந்த கூட்டாஞ்சோறும் கூழ் வடகமும் ரொம்பப் பிரமாதம், முருங்கைக்கீரையைக் கடைசியில் போட்டிருந்தார்கள், பச்சை மாறாமல் இருந்தது. போன மாத எலுமிச்சைச் சாதத்தில் உப்பு இல்லை, செய்தது நான்தான்.

கடைசியாக, பெரிய குறை. ஹால் மாடியில் இருக்கிறது. 26 படி, கைப்பிடி ஒரு பக்கம்தான், லிஃப்ட் இல்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபது தாண்டிய ஆச்சிகள். போன மாதம் பத்தமடை ஆச்சிக்கு மூட்டு வலி, ஐந்து படி ஏறி உட்கார்ந்துவிட்டாள், பேரன்கள் இரண்டு பேரும் மேலே ஓடிவிட்டார்கள். ஒவ்வொருத்தராக இறங்கி வந்து படிகளில் உட்கார்ந்தோம், பேச்சாளர் மேலே ஸ்லைடோடு காத்திருந்தார், நாங்கள் ஒருமணி நேரம் அங்கேயே பேசிக்கொண்டிருந்தோம். கீழே ஒரு அறை பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது கிடைக்கிற வரைக்கும் ஐந்துக்கு நாலு நட்சத்திரம்தான்.